மாமியின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தால் அது திருத்தவேலையா?

உப்போடை மருமகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில், கடலுக்குக் கிட்ட, கல்லடி உப்போடையில் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். நம் ஊர் வழக்கம் தெரியும்தானே, மூத்தவளுக்கு வீடு என்று பேசித்தான் எங்கள் கலியாணம் நடந்தது. உறுதி (காணிப் பத்திரம்) மட்டும் இன்னும் மாமியின் பெயரில். இப்போது மச்சாளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளை பகுதியார் நல்ல மனிதர்கள். "வீடு ஒன்று இருந்தால் போதும்" என்று ஒரேயொரு வார்த்தைதான் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையால்தான் இப்போது எனக்கு நித்திரை இல்லை.

வளவு பதினொரு பேர்ச். 1978 நவம்பர் சூறாவளியில் பழைய வீட்டின் கூரை முழுதாகப் போனபின், 1982 இல் மாமா கட்டிய ஓட்டு வீடு. கட்டடப் படம் போட்டு அனுமதி எடுத்தாரா என்று மாமிக்குத் தெரியாது. மாமாவும் இல்லை, கேட்க.

நினைத்திருப்பது இது: நடு மண்டபத்தில் சுவர் ஒன்று வைத்து வீட்டை இரண்டாக்குவது. பின்பக்கப் பத்தியை (சாய்ப்பை) உடைத்து அந்த இடத்தில் மச்சாளுக்கு ஒரு குசினி, ஒரு பாத்ரூம். ஓடுகள் ஒழுகுகின்றன, அதனால் கூரையையும் மாற்றி சீற் போடலாம் என்று யோசனை. முன் அறையில் மச்சாளை மணக்கப்போகிறவர் (அவர் மருத்துவர்) மாலை நேரத்தில் நோயாளர் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

வேலைக்குப் பேசிய பாஸ் (மேசன்) சொல்கிறார், "இது திருத்தவேலை, மாநகர சபைக்குப் போகத் தேவையில்லை" என்று. பக்கத்து வளவு அண்ணன் சொல்கிறார், "கல் இறக்கிய மறுநாளே நோட்டீஸ் வரும்" என்று. யார் சொல்வது சரி?


ஆரையம்பதி பாஸ் எழுதியது:

தம்பி, முப்பது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன். வீட்டுக்குள்ளே சுவர் வைத்ததற்கு யாரும் வந்து கேட்டதில்லை. வெளியே தெரிகிற மாதிரி எதையாவது செய்தால்தான் வருவார்கள். குசினி வெளியே தெரியும், கூரையும் தெரியும். மற்றதைப் பேசாமல் செய்யுங்கள்.


பழைய டீஓ எழுதியது:

பாஸ் சொல்வது நடைமுறை. நான் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டீஓ) இருந்தவன், சட்டத்தைச் சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நான் இருபத்தாறு வருடம் சம்பளம் எடுத்தேன், அதனால் பாஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நம் சபைகளில் இன்றும் புரளும் தாய்ச் சட்டம் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது. அதன் 5 ஆம் பிரிவு புதிதாகக் கட்டுவதைப் பற்றியது, 6 ஆம் பிரிவு இருக்கிற கட்டடத்தில் மாற்றம் செய்வதைப் பற்றியது. ஊரில் நாம் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து மாடி எழுப்புவது வரை எல்லாவற்றையும் "திருத்தவேலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எதெல்லாம் மாற்றம் என்று அந்தப் பிரிவே வரிசையாகச் சொல்கிறது. கூரை அமைப்பது, வெளிச்சுவரோ பொதுச்சுவரோ கட்டுவது, வெளிச்சுவரில் உள்ள கதவையோ யன்னலையோ நிரந்தரமாக அடைப்பது, உள்ளே தடுப்புச் சுவர் வைப்பது, வடிகாலையோ காற்றோட்டத்தையோ கட்டடத்தின் உறுதியையோ பாதிக்கிற உள்மாற்றம், அறையோ பத்தியோ சேர்ப்பது, சுவர்களுக்கு இடையில் உள்ள வெளிக்குக் கூரை போடுவது. அப்புறம் உங்களுக்கென்றே எழுதியதுபோல இன்னொன்று: ஒரு குடும்பம் இருக்கக் கட்டிய வீட்டை ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்பாக மாற்றுவது.

எண்ணிப் பாருங்கள் தம்பி. நீங்கள் நினைத்திருப்பதில் இந்த வரிசைக்கு வெளியே என்ன இருக்கிறது?

உடைந்த ஓட்டை எடுத்து வேறு ஓடு வைப்பது, உளுத்த சலாகையை அதே அளவில் மாற்றுவது, பூச்சு, பெயின்ற், தரைக்கு மாபிள், அதே வாசலில் புதுக் கதவு இவற்றுக்கெல்லாம் நான் யாரிடமும் படம் கேட்டதில்லை. ஓட்டுக் கூரையைக் கழற்றி எறிந்து சாய்வையும் மாற்றி வேறொரு கூரை எழுப்பினால் கேட்டிருக்கிறேன்.

இது ஒரு பக்கம். நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று பிரகடனமான இடங்களில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். 1986 இல் வந்த ஒழுங்குவிதிகளைப் பலர் இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 2021 ஜூலையில் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்துவிட்டன, ஆகவே பழைய போட்டோக் கொப்பியை நம்பிப் படம் வரைய வேண்டாம். விண்ணப்பத்தை வாங்குவது எப்படியும் மாநகர சபைதான், அதிகாரத்தை அவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள்.


களுவாஞ்சிகுடி ரீச்சர் எழுதியது:

டீஓ ஐயா, நாங்கள் பிரதேச சபைப் பக்கம். எங்களுக்கும் இதே சட்டமா?


பழைய டீஓ எழுதியது:

பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது, துணைவிதிகளும் உண்டு. உங்கள் வளவு நகர அபிவிருத்திப் பிரகடனத்துக்குள் வருகிறதா இல்லையா என்பதில்தான் கணக்கு மாறும் ரீச்சர். ஒரே சபையில் பிரதான வீதியோரம் உள்ளே, வயல்பக்கம் வெளியே என்றும் இருக்கலாம். சபையில் சோலைவரி (வீட்டு வரி) ரசீதைக் காட்டிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பிரதான வீதி ஏ4 ஓரத்தில் வீடு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டடக்கோடும் (வீதியிலிருந்து விட வேண்டிய எல்லை) சேர்ந்து வரும்.


காரைதீவுக் கடற்கரை எழுதியது:

என் கதையைக் கேளுங்கள், பாஸ் சொன்னபடி "பேசாமல்" செய்தவன் நான்.

மூன்று வருடத்துக்கு முன் பின்பக்கம் ஒரு அறை இறக்கினேன். சபை எது என்று சொல்லமாட்டேன், அவர்கள்மேல் பிழையும் இல்லை. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது நோட்டீஸ். நான் அதை மடித்து சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அடுத்தது நீதவான் நீதிமன்றம். சட்டத்தரணி எடுத்த எடுப்பிலேயே சொன்னார், "அனுமதி இல்லை என்பது நிரூபணமானால் இடிக்கச் சொல்லும் கட்டளைதான் வரும், நீதவானுக்கு இதில் இரக்கப்பட இடம் குறைவு" என்று. கடைசியில் கவரிங் அப்ரூவல் (கட்டியபின் எடுக்கும் அனுமதி) கேட்டு ஓடினேன். நல்லவேளை, எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை விட்டிருந்தேன், அதனால் தண்டக் கட்டணத்தோடு முடிந்தது. மாற்றிக் கட்டச் சொல்லியிருந்தால் மூன்று இலட்சம் மண்ணோடு போயிருக்கும். மூட்டிவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? சபையில் யாருக்கும் தெரியாது, சொந்த ஒன்றுவிட்ட அண்ணன்தான் எழுதிப் போட்டார். கூரைத் தண்ணீர் அவர் வளவுக்குள் விழுகிறதாம்.


ஆரையம்பதி பாஸ் எழுதியது:

அதைத்தான் நானும் சொல்கிறேன். சபை வராது, சொந்தக்காரன்தான் வருவான் 😄


நிந்தவூர் கொன்ட்ராக்டர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லோரும் கடதாசியைப் பற்றியே பேசுகிறீர்கள். 1982 வீடு என்கிறார், கடலுக்குக் கிட்ட என்கிறார். சுனாமித் தண்ணீர் ஏறிய வீடா தம்பி?


உப்போடை மருமகன் எழுதியது:

ஓம் காக்கா. யன்னல் மட்டத்துக்கு நின்றதாம். வீடு விழவில்லை. அப்போது பொறியியலாளர் வந்து பார்த்து பகுதிச் சேதம் என்று எழுதி, ஒரு இலட்சம் கிடைத்தது என்று மாமி சொல்வார்.


நிந்தவூர் கொன்ட்ராக்டர் எழுதியது:

அப்படியென்றால் கொஞ்சம் நின்று கேளுங்கள். 2005 இல் அந்தக் கணக்கெடுப்போடு நானும் அலைந்தவன், அப்போது இளந்தாரி. நாற்பது வீதத்துக்கு மேல் சேதம் என்றால் முழுச்சேதம், இரண்டரை இலட்சம், நான்கு தவணை. அதற்குக் கீழே பகுதிச்சேதம், ஒரு இலட்சம், இரண்டு தவணை. முப்பத்தொன்பதா நாற்பத்தொன்றா என்று வாசலில் நின்று சனம் அழும். அதுமட்டுமா, நம் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்று முதலில் வைத்தார்கள், தெற்கில் 100 மீற்றர். அந்த வருட முடிவில்தான் தளர்த்தினார்கள். அந்தக் குழப்பத்தில் பகுதிச்சேத வீடுகளில் எல்லோரும் செய்தது என்ன? வெடிப்பைப் பூசி மூடி, பெயின்ற் அடித்து, உள்ளே போய் இருந்தோம். உப்பு உள்ளேயே இருந்துவிட்டது.

இப்போது அந்த வீடுகளில் லிண்டலுக்குக் கீழே, விறாந்தைப் பீமில், சண்சேட்டில் கொங்கிரீட் பாளம் பாளமாகக் கழல்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே உள்ள கொங்கிரீட்டைத் தள்ளிவிடும். அந்தக் காலத்து வேலையில் ஆற்று மணல் கிடைக்காதபோது கடல் மணலையும் வாவி மணலையும் கழுவாமல் போட்டவர்களும் உண்டு, அது தனிக்கதை.

இதைச் சாந்து பூசி மறைக்கிற பாஸ்மார்மேல் எனக்குக் கோபம். (ஆரையம்பதி அண்ணனைச் சொல்லவில்லை.) தட்டிப் பார்த்து பொள்ளல் சத்தம் கேட்கிற இடமெல்லாம் உடைக்க வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் விரல் போகிற அளவுக்குக் கொத்தி, கம்பியை வயர் பிரஷால் வெள்ளி நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். கம்பி கால்வாசி தின்னப்பட்டிருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். அதன்பிறகுதான் பழையதும் புதியதும் ஒட்டும் கலவை பூசி, கெட்டியான சாந்து. தேய்க்காமல் மூடினால் இரண்டு மாரிதான் தாங்கும்.

இந்த வேலைக்குச் சபை அனுமதி தேவைப்படாது. ஆனால் இதைச் செய்யாமல் அனுமதி எடுத்த சுவரை இதன்மேல் ஏற்றி என்ன பயன்?


உப்போடை மருமகன் எழுதியது:

காக்கா, இதை வாசித்துவிட்டு விறாந்தைப் பீமைச் சுத்தியலால் தட்டினேன். மாமி அடுப்படியிலிருந்து ஓடிவந்து "ஏன் வீட்டை உடைக்கிறாய்" என்று கேட்டார். இரண்டு இடத்தில் பொள்ளல்.


பழைய டீஓ எழுதியது:

கூரையைப் பற்றியும் சொல்லுங்கள் கொன்ட்ராக்டர். ஓட்டிலிருந்து சீற்றுக்கு மாறப் போகிறாராம்.


நிந்தவூர் கொன்ட்ராக்டர் எழுதியது:

சீற்றுக்குப் போனால் பாரம் குறையும், அது நல்லதுதானே என்று நினைப்பார்கள். கூரைக்குப் பாரம்தான் காற்றில் காப்பு. ஓடு தன் பாரத்திலேயே இருக்கும், காற்று வந்தால் ஐம்பது ஓடு பறக்கும், கூரை நிற்கும். சீற் கூரை மரத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். 78 இல் பார்த்தவர்களைக் கேளுங்கள், தகரம் தென்னையில் சுற்றிக் கிடந்ததாம். சீற் போட்டால் வளையைச் சுவரோடு கம்பியால் கட்ட வேண்டும், சும்மா சுவர்மேல் வைத்துச் சாந்து அப்பினால் போதாது. சுவரின் தலையில் சுற்றிப் பீம் போட்டு, அதிலிருந்து போல்ட் எழுப்பி வளையை இறுக்கினால் நிம்மதி.

பழைய பத்தியில் இருப்பது அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்குங்கள். கிறைண்டரால் வெட்ட விடவேண்டாம், தூள் பொல்லாதது. பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள்.


புளியந்தீவுக் கிழவன் எழுதியது:

இதற்குள் எனக்கும் ஒரு இடம் தாருங்கள். எங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்துச் சுவர், இரண்டடி மொத்தம், பேரனாரின் காலம். மகன் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று பழைய பூச்சை உரித்துவிட்டு சீமெந்து பூசினான். ஒரு மாரிக்குள் சீமெந்துக்குப் பின்னால் உப்புப் பூத்து, பாய் மாதிரிச் சுருண்டு விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சீமெந்து அதன் வாயைப் பொத்திவிடும். திரும்பச் சுண்ணாம்பு பூசக் கை தெரிந்த ஆளைத் தேடி நான் பட்ட பாடு!

மட்டக்களப்புக் கோட்டைக்குக் கிட்ட உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் வளவோடு நிற்காது, அதைச் சுற்றியுள்ள இடத்துக்கும் வரும். தோண்டுவதற்கு முன் கேளுங்கள்.


பொத்துவில் ரூம்ஸ் எழுதியது:

மருத்துவர் முன் அறையில் நோயாளர் பார்ப்பது பற்றி ஒருவரும் பேசவில்லை. கட்டாத மாற்றமும் மாற்றம்தான். அறுகம்பேயில் என் நண்பன் வீட்டின் மூன்று அறையை சேர்ஃபிங் வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்தான். ஒரு கல் வைக்கவில்லை, ஒரு சுவர் உடைக்கவில்லை. ஆனாலும் "பயன்பாட்டு மாற்றம்" என்று பிடித்தார்கள். 78 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபிவிருத்தி வேலை என்பதற்குள் கட்டடத்தின் பயனை மாற்றுவதும் வருகிறதாம். வீடு வீடாக இருக்கிறவரை சரி, கடையோ கிளினிக்கோ ரியூட்டரியோ ஆனால் அதற்குத் தனி அனுமதி.

கரையோரப் பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி கடல் நீர் ஏறும் சராசரிக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். வாவிப் பக்கத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. அதற்குள் பின்பக்கக் குசினி சேர்ப்பதும் கட்டட வேலைதான். எங்கள் பக்கத்தில் சபை அனுமதி கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டுத் தொடங்கியவர்கள், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கடிதம் வந்து பாதியில் நிறுத்தினார்கள்.


களுவாஞ்சிகுடி ரீச்சர் எழுதியது:

மருத்துவர் அறை என்றால் இன்னொரு விடயம். என் தம்பி சக்கர நாற்காலியில் இருக்கிறான், அதனால் இதைத் தேடி வாசித்திருக்கிறேன். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்கு அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006 அக்டோபரிலேயே வந்தன, பழைய பொதுக் கட்டடங்களுக்கும் மூன்று வருட அவகாசம் வைத்து. நடக்கவில்லை. தானே சக்கர நாற்காலியில் இருந்த அஜித் பெரேரா உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2011 ஏப்ரலில் தீர்ப்பு வாங்கினார். ஆனாலும் நம் ஊரில் மூன்று படி ஏறாமல் எந்த மருத்துவரைப் பார்க்கலாம் சொல்லுங்கள்?

சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வேலை முடிந்தபின் யோசித்தால் முற்றத்தில் இடம் இருக்காது. புது மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லுங்கள், தம்பி.


ஆரையம்பதி பாஸ் எழுதியது:

ரீச்சர் சொன்னது நியாயம். நான் போட்ட சாய்தளம் எல்லாம் மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் சரி. இனிக் கணக்குப் பார்த்துப் போடுகிறேன்.


நொத்தாரிசுப் பிள்ளை எழுதியது:

நொத்தாரிசு ஒருவரின் கீழ் பதினொரு வருடம் உறுதி எழுதியவள். நான் இவ்வளவு நேரமும் காத்திருந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை: சுவர் வைத்தபின் காணியையும் இரண்டாக எழுதப் போகிறீர்களா?


உப்போடை மருமகன் எழுதியது:

ஓம். ஐந்தரை பேர்ச் அவளுக்கு, ஐந்தரை மனைவிக்கு. மாமிக்கு அதுதான் விருப்பம். ஒருத்திக்குக் குறைந்தது என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாதாம்.


நொத்தாரிசுப் பிள்ளை எழுதியது:

நான் பயந்ததும் அதுதான். நகர அபிவிருத்திப் பிரதேசத்தில் காணியைத் துண்டாடினால் ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, ஆறு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. ஐந்தரை பேர்ச் என்பது 139 சதுர மீற்றர் அளவில் வரும். நில அளவையாளர் படம் கீறித் தரலாம், சபை அந்தப் படத்தில் கையெழுத்து வைக்காது. சபை கையெழுத்து இல்லாத துண்டில் பிறகு வீட்டுப் படம் அனுமதிக்க மாட்டார்கள், வங்கியும் திரும்பிப் பார்க்காது.

ஆறும் ஐந்தும் என்று பிரித்தாலும் ஐந்து அளவுக்குக் காணாது. ஆகவே வழி மூன்றுதான் எனக்குத் தெரிகிறது.

காணியைப் பிரிக்காமல், இரண்டு பேருக்கும் சரிபாதிப் பிரிபடாத பங்காக எழுதுவது. மாமி தன் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு நன்கொடை உறுதியாக எழுதலாம், அப்போது அவருக்கும் பயம் இல்லை. குறை என்னவென்றால், கூட்டுரிமையில் உள்ளவரில் யார் கோபித்தாலும் 1977 ஆம் ஆண்டின் பாகப் பிரிவினைச் சட்டத்தில் வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத அளவுக் காணி என்றால் ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பங்கிடுவதில் போய் முடியலாம். அக்கா தங்கைக்குள் அப்படி வராது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள், எங்கள் கந்தோர் அலுமாரி நிறைய அப்படிச் சொன்னவர்களின் கோப்புகள்.

அடுத்தது மேலே கட்டுவது. கீழ்வீடு ஒருத்திக்கு, மேல்வீடு ஒருத்திக்கு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் தனித்தனி உறுதி எழுதலாம். கடதாசி கூட, ஆனால் சுத்தமான வழி.

மூன்றாவது, பக்கத்து வளவில் ஒரு பேர்ச் கிடைக்குமா என்று பார்ப்பது.


நிந்தவூர் கொன்ட்ராக்டர் எழுதியது:

மேலே கட்டுவதென்றால் நான் குறுக்கே விழுவேன். 82 இல் ஒரு மாடிக்கென்று போட்ட அத்திவாரம், மணல் தரை, மாரியில் கிணறு தொட்டுவிடலாம்போல் தண்ணீர் ஏறும் இடம். தூண் இல்லாத சீமெந்துக் கல் சுவர்மேல் சிலாப் ஏற்ற முடியாது. அத்திவாரத்திலிருந்து புதுத் தூண் எழுப்பி, பழைய சுவரைத் தொடாமல் மேலே போக வேண்டும். பட்டயப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் யாராவது "தாங்கும் தம்பி" என்று சொன்னால் அவரைக் கீழ்வீட்டில் படுக்கச் சொல்லுங்கள்.


உப்போடை மருமகன் எழுதியது:

பக்கத்து வளவு அண்ணனிடம் ஒரு பேர்ச் கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பின் விலை எனக்குத் தெரியும்.


காரைதீவுக் கடற்கரை எழுதியது:

அவரைப் பகைக்க வேண்டாம். கூரைத் தண்ணீரையும் உங்கள் பக்கம் பீலி போட்டுத் திருப்பிவிடுங்கள். என் வழக்குக்கு முன்னால் இதை மத்தியஸ்த சபையில் பேசியிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும், நான்தான் கேட்கவில்லை.


பழைய டீஓ எழுதியது:

தம்பி, உங்கள் வீட்டைப் பார்க்காமலே நான் கேட்கப் போகும் மூன்றை எழுதுகிறேன், அளந்து சொல்லுங்கள். பழைய வீட்டுக்குப் படம் இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம், உள்ளதை உள்ளபடி வரைந்து, புதியதை வேறு நிறத்தில் காட்டுவதுதான் வழக்கம். நான் பார்ப்பது வேறு.

புதிய குசினிச் சுவருக்கும் பின் எல்லைக்கும் இடையில் எவ்வளவு வெளி? சிறிய வீட்டுக்கு 2.3 மீற்றர் வேண்டும், நம் கணக்கில் ஏழரை அடி.

நடு மண்டபத்தைச் சுவர் பிரித்தபின் ஒவ்வொரு பாதிக்கும் யன்னல் இருக்கிறதா? அறைத் தரையின் ஏழில் ஒரு பங்கு யன்னலாக இருக்க வேண்டும், அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் பதினேழு சதுர அடிக்கு மேல். நாலுக்கு நாலு யன்னல் ஒன்று போதாது, கொஞ்சம் குறையும்.

மலசலகூடக் குழி எத்தனை, கிணறு எங்கே? பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் கிணற்றைத்தான் தேடுவார். இரண்டு குடும்பத்துக்கு ஒரு குழி போதுமா என்பது அடுத்தது. மணல் தரையில் குழித் தண்ணீர் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது, எங்கள் காலத்தில் ஐம்பது அடிக்குக் குறைந்தால் பேச்சே இல்லை. உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து அண்ணனின் கிணற்றையும் அளவெடுங்கள்.


உப்போடை மருமகன் எழுதியது:

அளந்தேன் ஐயா. பின்பக்கம் ஆறடி. பத்தி இருந்த இடமே ஆறடியில்தான் நிற்கிறது. மாமா நாற்பது வருடத்துக்கு முன் போட்டது, அதே இடத்தில்தானே குசினி வரப்போகிறது, அதை ஏற்கமாட்டார்களா?


பழைய டீஓ எழுதியது:

பத்தி நின்றவரை நின்றது. அதை நீங்களே உடைத்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்பும்போது இன்றைய ஏழரை அடிதான் பேசும். ஒன்றரை அடி உள்ளே தள்ளுங்கள். குசினி சிறிதாகும், நோட்டீஸ் வராது.


ஆரையம்பதி பாஸ் எழுதியது:

ஒன்றரை அடியால் மச்சாள் கோபிக்கமாட்டா. அலுமாரியைச் சுவருக்குள் புதைத்துத் தருகிறேன், ஆளை எனக்கே சொல்லுங்கள் 🙂


உப்போடை மருமகன் எழுதியது:

இரண்டு கிழமைக்குப் பின் வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மனைவி, மச்சாள், மாமி மூன்று பேரும் ஓர் இரவு இருந்து பேசி, காணியைப் பிரிப்பதில்லை என்று முடிவு. பிரிபடாத பாதிப் பங்கு, மாமிக்குச் சீவிய உரித்து. நொத்தாரிசுப் பிள்ளை சொன்ன வழக்குக் கதையை நான் சொன்னபோது இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இனி அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

படம் வரைபவர் வந்து போனார். குசினி ஒன்றரை அடி உள்ளே. நடுச்சுவரால் இருட்டாகும் பாதிக்கு முன்பக்கமாக ஒரு யன்னல் அகலமாகிறது. கூரை ஓடாகவே இருக்கும், ஒழுகும் இடம் மட்டும் மாற்றுகிறோம், அதனால் படத்தில் ஒரு தலைவலி குறைந்தது. கிணற்றுக்கும் புதிய குழிக்கும் நாற்பத்தாறு அடிதான் வந்தது. குழியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் பக்கத்து அண்ணனின் கிணறு கிட்ட வருகிறது. இப்போது முன் முற்றத்தில், மாமியின் செவ்விளநீர்த் தென்னைக்குக் கீழே வைக்கலாமா என்று பார்க்கிறோம். மாமி இன்னும் சம்மதிக்கவில்லை.

மருத்துவர் தம்பி தன் அறையைக் கலியாணத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். ஆனால் முன் படியை இப்போதே உடைத்துச் சாய்தளம் போடச் சொன்னார், ரீச்சர். அவரின் அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், மூன்று படி ஏற ஏலாதாம்.

கரையோரத் திணைக்களத்துக்குக் கடற்கரையிலிருந்து அளவு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு யாராவது நில அளவையாளர் தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.


நிந்தவூர் கொன்ட்ராக்டர் எழுதியது:

விறாந்தைப் பீம் என்னாயிற்று தம்பி?


உப்போடை மருமகன் எழுதியது:

உடைத்தாயிற்று காக்கா. பென்சில் மொத்தத்தில் இருக்க வேண்டிய கம்பி ஓர் இடத்தில் ஈர்க்கில் மாதிரி இருந்தது. முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆரையம்பதி பாஸ் நாளைக்கு வருகிறார், புதுக்கம்பியோடு.